நீறுபூத்த நெருப்பும் நிலப்படமும்

ஏட்டில் எழுத்து இருப்பதைக் காண்பது ஒன்று. அதனைப் பிழையறப் படிப்பது மற்றொன்று. பழஞ்சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தனர். செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டினர். ஒரு சொல்லுக்கு இருவேறு பாடம் கிடைத்தால் இரண்டையும் குறித்தனர். தாம் காணாததைக் கண்டதாக எழுத அஞ்சினர். அந்த ஒழுக்கம் தமிழ்ச் சுவடிகளுக்கு மட்டும் உரியதன்று. செயற்கைக்கோள் எடுக்கும் படங்களைக் கொண்டு உலகத்துத் தீயின் அளவையும் வடிவையும் வரைகின்ற அறிவியலுக்கும் அது வேண்டும். அவ்வரைபடங்களை நாளிதழில் பார்த்து முடிவு கட்டும் வாசகருக்கு அதனினும் மிகுதியாக வேண்டும்.

சிங்கப்பூரின் வடகோடியில் உள்ளது மார்சிலிங். அதன் அடுக்குமாடி வீடுகளின் மேல்தளத்தில் நின்றால் குறுகிய நீரிணைக்கு அப்பால் ஜொகூர்க் கரை தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் சில ஆண்டுகளில் அக்கரை மங்கும். சுமத்திராவில் எரியும் நிலத்தின் புகை மலாக்கா நீரிணையைக் கடந்து வந்து தீவை மூடுவதே காரணம். 2013 ஜூன் 21 நண்பகல் 12 மணிக்குச் சிங்கப்பூரின் மூன்று மணி நேரக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401 என்றானது. 300க்கு மேற்பட்டால் அபாயநிலை என்பது கணக்கு. அத்தகைய எண்ணை இத்தீவு அதற்குமுன் கண்டதில்லை.

அந்நாள்களில் வீடுதோறும் ஒரு படம் பேசப்பட்டது. சுமத்திராவின் வரைபடத்தின்மேல் செம்புள்ளிகள் இறைந்து கிடந்தன. "நேற்று இத்தனை புள்ளி, இன்று இத்தனை புள்ளி" என்று எண்ணிக்கை சொல்லப்பட்டது. புள்ளி கூடினால் தீ வளர்ந்தது, குறைந்தால் தணிந்தது என்று மக்கள் பொருள் கொண்டனர். புள்ளி விழுந்த நிலத்துக்குரியவனே தீ வைத்தவன் என்றும் கொண்டனர். இவ்வாறு படிப்பது சரிதானா என்பதே ஆராயத்தக்கது.

புள்ளி சொல்வது என்ன?

வெப்பப் புள்ளி என்பது தீயின் படமன்று. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா 1999ஆம் ஆண்டில் டெரா என்னும் செயற்கைக்கோளையும், 2002ஆம் ஆண்டில் அக்குவா என்னும் செயற்கைக்கோளையும் செலுத்தியது. அவ்விரண்டிலும் மோடிஸ் எனப்படும் கருவி உண்டு. அது கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரை அளக்கிறது. நிலத்தை ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, சுற்றியுள்ள கட்டங்களைவிட ஒரு கட்டம் மிகுந்த வெப்பம் வீசினால், அதன் நடுவில் ஒரு புள்ளி வைக்கிறது.

அக்கட்டத்தின் பரப்பு பத்து இலட்சம் சதுர மீட்டர். ஆனால் அதனுள் ஓராயிரம் சதுர மீட்டர் அளவு எரிந்தாலே கருவி அதனைக் கண்டுகொள்ளும். வானம் தெளிவாக இருந்தால் அதனினும் சிறிய தீயையும் காணும். ஆகவே ஒரு புள்ளி என்பது கால் ஏக்கர் குப்பை எரிந்ததாகவும் இருக்கலாம், கட்டம் முழுவதும் பற்றி எரிந்ததாகவும் இருக்கலாம். பெரிய தீ ஒன்றே வரிசையாகப் பத்துப் புள்ளிகளைத் தோற்றுவிப்பதும் உண்டு. பின்னர் வந்த வியர்ஸ் என்னும் கருவி 375 மீட்டர்க் கட்டங்களில் பார்ப்பதால் புள்ளிகள் முன்னிலும் மிகுதியாகத் தெரிகின்றன. கண் கூர்மையானதால் கூடிய எண்ணிக்கையைத் தீ பெருகியதாகக் கொள்வது பிழையன்றோ?

காணாமல் விடுவதும் உண்டு. இத்தகைய கோள் ஓரிடத்தின்மேல் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் கடந்து செல்வது. இடைப்பட்ட நேரத்தில் மூண்டு அவிந்த தீ அதன் கணக்கில் சேராது. கனத்த மேகம் வந்தால் கீழே நடப்பது தெரியாது. 2015 முதல் பணிபுரியும் சப்பானின் ஹிமவாரி கோள்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கின்றன. ஆனால் அவற்றின் வெப்பக் கட்டமோ இரண்டு கிலோமீட்டர் பக்கமுடையது. அடிக்கடி பார்ப்பது கூர்ந்து பார்ப்பதில்லை. கூர்ந்து பார்ப்பது அடிக்கடி பார்ப்பதில்லை.

ஆசியான் சிறப்பு வானிலை ஆய்வு நிலையம் 1993ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூரில் இயங்கிவருகிறது. அது புள்ளிக் கணக்கை வெளியிடும்போது, மேகம் மறைத்த நாளில் மேகம் மறைத்தது என்று குறிப்பும் தருகிறது. பதிப்பாசிரியர் தம் கடமையைச் செய்கிறார். அடிக்குறிப்பை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துச் செல்வது வாசகரே.

பரப்பும் பாடவேறுபாடும்

தீயின் அளவை அறிய வேண்டுமானால், எரியும்போது பார்ப்பதைவிட எரிந்த பின் பார்ப்பதே ஏற்றது. பச்சை இலை அண்மை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். கரிந்த நிலம் அதனைச் செய்யாது. எரிவதற்குமுன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் ஒப்பிட்டால் கருநிலத்தின் எல்லை புலப்படும். இம்முறையில் சிங்கப்பூருக்கும் ஒரு சிறப்பிடம் உண்டு. 1992இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட கிரிஸ்ப் என்னும் தொலையுணர்வு மையம், பிரெஞ்சு நாட்டு ஸ்பாட் கோளின் படங்களைக் கொண்டு 1997ஆம் ஆண்டுப் பெருந்தீயை ஆராய்ந்தது. சுமத்திராவிலும் கலிமந்தானிலும் ஏறத்தாழ 45 இலட்சம் ஹெக்டேர் எரிந்தது என்பது அதன் முடிவு. தீ பெரிது என்று எல்லாரும் அறிந்திருந்தனர். எவ்வளவு பெரிது என்பதற்குப் படத்தைச் சான்றாக வைத்துப் பேசியது அப்பணி.

ஆயினும் அதே தீக்கு வேறு பாடங்களும் உள. 1998ஆம் ஆண்டையும் பிற பகுதிகளையும் சேர்த்து இந்தோனேசியத் திட்டக் குழுவும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கண்ட கணக்கு ஏறத்தாழ 97 இலட்சம் ஹெக்டேர். அதனைத் திருத்தி 2003இல் லூக்கா தக்கோனி கூறியது 117 இலட்சம். 2019ஆம் ஆண்டுத் தீயிலும் இவ்வாறே நேர்ந்தது. இந்தோனேசிய அரசின் கணக்கு ஏறத்தாழ 16 இலட்சம் ஹெக்டேர். ஐரோப்பியரின் சென்டினல்-2 கோளின் நுண்ணிய படங்களைக் கொண்டு டேவிட் கவோ முதலியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வோ 31 இலட்சம் என்றது. ஒரே ஆண்டு, ஒரே நாடு. அளவு மட்டும் ஏறத்தாழ இரட்டித்தது.

உலகளாவிய கணக்கும் இந்நிலையிலேயே உள்ளது. மோடிஸ் படங்களிலிருந்து வரைந்த உலகத் தீப்படம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 40 இலட்சம் சதுர கிலோமீட்டர் எரிவதாகக் காட்டிற்று. இஃது இந்தியாவின் பரப்பினும் பெரிது. இதில் பெரும்பங்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளுக்கு உரியது. சிறு தீக்களையும் சேர்த்து 2023இல் வெளியான மற்றொரு கணக்கு 77 இலட்சம் சதுர கிலோமீட்டர் என்கிறது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பொய்யுரை அன்று; சல்லடையின் கண். மோடிஸ் நிலப்படத்தின் ஒரு கட்டம் ஏறத்தாழ 21 ஹெக்டேர், அதாவது 50 ஏக்கருக்குச் சற்று மேல். ஓர் ஏழை உழவன் கொளுத்தும் இரண்டு ஏக்கர் அதன் கண்ணில் நில்லாமல் விழுந்துவிடும். அத்தகைய இரண்டு ஏக்கர்கள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் கோடிக்கணக்கில் உள்ளன. ஆதலின் தீயின் அளவைக் கூறும் எவரும் எந்தச் சல்லடையில் சலித்தது என்பதையும் கூறக் கடவர். கூறாவிடில் அவ்வெண் பாதிச் செய்தியே.

வடிவம் கூறும் வரலாறு

அளவைப்போல் வடிவமும் பேசும். காற்றின் போக்கில் ஓடிய தீ நீண்டு ஒடுங்கி முட்டைவடிவாகும். ஆறும் சாலையும் குறுக்கிட்டால் ஓரம் நேராக வெட்டுண்டு நிற்கும். கட்டம் கட்டமாக, வாய்க்காலுக்கு வாய்க்கால் அளந்து எரிந்த நிலம் மனிதன் கைப்பட்டதைக் காட்டும். இவ்வுண்மையை உலகளவில் தொகுக்கும் முயற்சி அண்மைக் காலத்தது. 2018இல் பியர் லோரான் முதலியோர் உருவாக்கிய ஃப்ரை என்னும் தொகுப்பு ஒவ்வொரு தீத்தழும்பின் பரப்பு, சுற்றளவு, நீட்சி ஆகியவற்றை அளந்து தந்தது. 2019இல் நீல்ஸ் ஆண்டெலா முதலியோர் வெளியிட்ட உலகத் தீப்பட நூல் 2003 முதல் 2016 வரை 133 இலட்சம் தனித்தனித் தீக்களைப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை நாள் எரிந்தது, எத்திசையில் எவ்வளவு விரைவில் சென்றது என்று குறித்தது. அவற்றுள் மிகப் பெரியது 2007இல் ஆத்திரேலியாவின் வடபகுதியில் இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்து ஏறத்தாழ 40,000 சதுர கிலோமீட்டரைக் கரியாக்கியது.

வியக்கத்தக்க உழைப்பு இது. எனினும் இதிலும் ஒரு முடிச்சு உண்டு. தனித்த ஒரு தீ என்பது எது? அடுத்தடுத்த இரண்டு கட்டங்கள் சில நாள் இடைவெளியில் எரிந்திருந்தால், அது பரவிய தீயா, புதிதாக வைத்த தீயா? படத்தில் கோடு ஏதுமில்லை. இத்தனை நாளுக்குள் எரிந்தால் ஒன்று, மிகுந்தால் இரண்டு என்று ஆய்வாளரே வரையறுத்துக்கொள்கின்றனர். புள்ளியும் அடியும் பிரிக்காமல் தொடர்ந்து எழுதிச் சென்ற ஓலையில், ஒரு பாட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பதிப்பாசிரியர் முடிவு செய்ததைப் போன்றதே இது. நாளெல்லை மாறினால் தீயின் எண்ணிக்கையும் மாறும், வடிவும் மாறும்.

சுற்றளவிலும் அத்தகைய இடர்ப்பாடு உண்டு. கட்டங்களால் ஆன படத்தின் ஓரம் படிக்கட்டுப்போல் ஏறி இறங்கும். சிறு கட்டத்தால் அளந்தால் நெளிவு சுழிவெல்லாம் தோன்றிச் சுற்றளவு நீளும். பெரிய கட்டத்தால் அளந்தால் அவை மறைந்து குறுகும். ஆதலால் 500 மீட்டர்க் கட்டத்தில் நேராகத் தெரியும் ஓரத்தைக் கண்டு, "இது வாய்க்கால் எல்லை, ஆகவே தோட்ட நிறுவனம் கொளுத்தியது" என்று தீர்ப்புக் கூறுவது தகாது. நிலத்தின் கோடு எது, கருவியின் கோடு எது என்று முதலில் பிரித்தறிதல் வேண்டும்.

படத்தில் வாராத ஆழம்

அளவும் வடிவும் அறிந்தபின் தீ முழுவதும் அறியப்பட்டதா? சுமத்திராவையும் கலிமந்தானையும் பொறுத்தவரை இல்லை. அங்கே பல இடங்களில் எரிவது பீட் எனப்படும் சதுப்புநிலம். பல்லாயிரம் ஆண்டுகளாக மரமும் இலையும் நீருக்குள் மட்கிப் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்தது அது. நீர் நிறைந்திருக்கும்வரை அதனைக் கொளுத்த முடியாது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால் அதுவே விறகாகிவிடும். 1995இல் மத்தியக் கலிமந்தானில் பத்து இலட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கும் திட்டம் தொடங்கப்பட்டு, 4,000 கிலோமீட்டருக்கும் மேல் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. நெல் விளையவில்லை, 1997இல் தீ விளைந்தது. பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாது, முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்த நிலையாகக் கண்டவர் இளங்கோவடிகள். கலிமந்தானிலும் நிலம் முதலில் திரிந்தது. தீ பின்னர் வந்தது.

சூசன் பேஜ் முதலியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, மத்தியக் கலிமந்தானில் 25 இலட்சம் ஹெக்டேரை எடுத்துக்கொண்டு, அதில் ஏறத்தாழ 8 இலட்சம் ஹெக்டேர் 1997இல் எரிந்தது என்றும், எரிந்ததில் 100க்கு 91 பங்குக்கு மேல் பீட் நிலம் என்றும் கண்டது. எரிந்த இடத்தில் நிலம் சராசரியாக அரை மீட்டர் ஆழம் கரைந்துபோயிருந்தது. அதிலிருந்து கணக்கிட்டால், அவ்வாண்டு இந்தோனேசியாவின் தாவரமும் பீட் நிலமும் எரிந்து வெளியிட்ட கரி, உலகம் முழுவதும் ஓராண்டில் எரித்த நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றின் கரியில் 100க்கு 13 முதல் 40 பங்கு.

13க்கும் 40க்கும் இடையே எத்துணை இடைவெளி! ஆழத்தை மேலிருந்து எளிதில் அளக்க முடியாமை அதற்கு ஒரு பெருங்காரணம். ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஒரு ஹெக்டேர் எரிந்தால் அடுத்த மழையில் புல் மீண்டும் தழைக்கும். சதுப்புநிலத்தில் ஒரு ஹெக்டேர் எரிந்தால் போனது ஆயிரமாண்டுச் சேமிப்பு. உலகத் தீப்படத்தில் இரண்டுக்கும் ஒரே கருநிறம், ஒரே அளவு. பின்னர் விமானத்திலிருந்து ஒளிக்கற்றை வீசி ஆழம் அளக்கும் முறை வந்தது. அதுவும் சிற்சில இடங்களில் மட்டுமே செய்யப்பட்டுள்ளது.

நீறுபூத்த நெருப்பு என்று தமிழர் வழங்கும் தொடருக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. மேலே சாம்பல், கீழே கனல். சுவாலை இல்லாமையால் வெப்பப் புள்ளி விழாது போகலாம், புகையோ மிகுதி. புள்ளி குறைந்த நாளில் மூச்சுத் திணறல் குறையாதது ஏன் என்று மார்சிலிங்கில் ஒரு மாணவன் கேட்டால், விடையின் பெரும்பகுதி இத்தொடரிலேயே இருக்கிறது.

காட்டுத்தீ என்னும் சொல்

இங்கே தமிழாசிரியர் தம் சொல்லையும் ஆராய்தல் வேண்டும். செய்தி ஏடுகள் இதனைக் காட்டுத்தீ என்றே எழுதுகின்றன. தமிழில் அச்சொல்லுக்கு இரண்டு நிழல்கள் உண்டு. ஒன்று விரைவு, செய்தி காட்டுத்தீப்போல் பரவிற்று என்பர். மற்றொன்று குற்றமின்மை, கோடையில் மூங்கில் ஒன்றோடொன்று உராய்ந்து தானே பிறந்த தீ என்பது பழம்பாட்டுகள் விட்டுச்சென்ற எண்ணம். சுமத்திராவின் தீக்கு இரண்டும் பொருந்தா. பீட் தீ ஊர்ந்து செல்வது. வாரக்கணக்கில் கிடந்து கனல்வது. அதனைப் பெரும்பாலும் மூட்டுவதும் மனிதக் கை. அது காட்டில் எரிவது என்பதும் பல வேளைகளில் பிழை.

2013 ஜூன் தீயைப் பற்றிக் கவோ முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. மத்திய ரியாவில் 35 இலட்சம் ஹெக்டேர்ப் பரப்பை அவர்கள் நுணுகி ஆராய்ந்தனர். அதில் எரிந்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 63 ஆயிரம் ஹெக்டேர். 100க்கு 84 பங்கு பீட் நிலம். 100க்கு 82 பங்கு, எரிவதற்கு முன்பே காடாக இல்லாத நிலம். அந்த ஆண்டு கடும் வறட்சி ஆண்டும் அன்று. சிங்கப்பூரின் குறியீட்டை 401க்கு ஏற்றியது காடு எரிந்த புகை என்று சொல்வது, மரம் வெட்டியவரையும் வாய்க்கால் வெட்டியவரையும் கதையிலிருந்து நீக்கிவிடுகிறது. இந்தோனேசிய மொழியில் காடும் நிலமும் எரிதல் என இரண்டையும் சேர்த்துக் 'கர்ஹுத்லா' என்பர். தமிழில் நிலத்தீ என்று எழுதினால் குறைந்தது பொய்யாகாது. மலைவாணர் தினை விதைக்கப் புனம் சுட்ட செய்தியைச் சங்கப் பாட்டில் கற்பிக்கும் ஆசிரியருக்கு, மனிதன் வைத்த தீயும் தானே எழுந்த தீயும் வேறென்று விளக்குவது அரிதன்று.

பழி யார்மேல்?

இவ்வளவு நுட்பம் பார்ப்பது வீண் வேலை என்று எண்ணுவாரும் இருக்கலாம். வரைபடம் அறிவுக்கு மட்டும் பயன்பட்டால் அவ்வாறு விட்டுவிடலாம். இன்று அது வழக்குக்கும் பயன்படுகிறது. சிங்கப்பூரின் எல்லைகடந்த புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டம் 2014 செப்டம்பர் 25இல் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டில் தீ மூட்டிச் சிங்கப்பூருக்குப் புகை வரச் செய்யும் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 1 இலட்சம் வெள்ளி வரை, மொத்தம் 20 இலட்சம் வெள்ளி வரை தண்டம் விதிக்க அது இடம் தருகிறது. தீ எரிந்த இடம், காற்றின் போக்கு, செயற்கைக்கோள் படம், நில உரிமையைக் காட்டும் வரைபடம் ஆகியவை அதில் சான்றுகள். மாறாக மெய்ப்பிக்கும் வரை வரைபடம் கூறுவதைக் கொள்ளலாம் என்பது அதன் நெறி.

நோக்கம் நல்லது, தண்டனைக்கு அஞ்சாத செல்வம் வேறெதற்கும் அஞ்சாது. ஆனால் 2013 ஆய்வின் மற்றோர் எண்ணையும் நோக்க வேண்டும். எரிந்த நிலத்தில் 100க்கு 52 பங்கு நிறுவனங்களுக்கு ஒதுக்கிய எல்லைக்குள் இருந்தது. அவ்வாறு எல்லைக்குள் எரிந்ததிலும் 100க்கு 60 பங்கில் ஊர்மக்கள் குடியேறி உழுதுகொண்டிருந்தனர். தாளில் ஒருவர் நிலம், தரையில் மற்றொருவர் வாழ்வு. எல்லைக்கோட்டை மட்டும் படித்தால் பழி முழுவதும் நிறுவனத்தின்மேல் விழும். தரையை மட்டும் பார்த்தால் பழி முழுவதும் ஏழை உழவன்மேல் விழும். கொளுத்திய கை எது, கொளுத்தச் சொன்ன வாய் எது, நிலத்தை உலர்த்திய திட்டம் எது என்பதைச் செயற்கைக்கோள் காணாது. அதற்கு அந்த மண்ணில் நடந்து, அவ்வூராரிடம் பேச வேண்டும்.

அவ்வூராரை மறந்துவிடுவதும் வரைபடத்தைப் பிழைபடப் படிப்பதன் விளைவே. 2015இல் இந்தோனேசியாவில் 26 இலட்சம் ஹெக்டேர் எரிந்தது. இது சிங்கப்பூரின் பரப்பைப்போல் ஏறத்தாழ 35 மடங்கு. செப்டம்பர் 25 அன்று சிங்கப்பூரில் பள்ளிகள் மூடப்பட்டன. மத்தியக் கலிமந்தானின் தலைநகர் பாலங்காராயாவிலோ அவ்வாண்டு மாசுக் குறியீடு 1,000த்தையும் தாண்டியது. புள்ளிகளைத் தீங்கின் ஊற்றாக மட்டும் காணும் கண், அப்புள்ளிகளுக்கு நடுவே மூச்சுவிடும் மக்களைக் காணாமல் போகிறது.

செயற்கைக்கோள் இல்லாத உலகில் இவற்றுள் எதுவும் வெளிப்பட்டிராது. 45 இலட்சம் ஹெக்டேர் என்று ஒருவர் படத்தை வைத்துச் சொல்லும்வரை, எரியவில்லை என்று மறுப்பவருக்கு வழி திறந்தே கிடந்தது. ஆகவே வரைபடத்தை நம்பாதே என்று கற்பிப்பது பெருந்தீங்கு. கற்பிக்க வேண்டியது அதனைப் படிக்கும் முறை. எந்த நேரத்தில் பார்த்தது? எவ்வளவு பெரிய கட்டத்தில் பார்த்தது? மேகமும் புகையும் எதை மறைத்தன? புள்ளியா, பரப்பா, ஆழமா, எதனைக் காட்டுகிறது? எல்லைக்கோடு யார் வரைந்தது? இவ்வைந்தும் கேட்டபின் எஞ்சுவதை நம்பலாம்.

அடுத்த முறை தென்மேற்குக் காற்றில் ஜொகூர்க் கரை மங்கும்போது மார்சிலிங் வகுப்பறையிலும் செம்புள்ளிப் படம் வரும். மாணவர் புள்ளிகளை எண்ணத் தொடங்குவர். பழைய பதிப்பின் ஒரு பக்கத்தை அருகில் வைத்து, செல்லரித்த இடத்தில் பெரியோர் இட்ட புள்ளிகளையும் ஆசிரியர் காட்டுவாராக. அங்கே புள்ளி, தெரியாததன் அடையாளம். தீப்படத்திலோ புள்ளி தெரிந்ததன் அடையாளம். தெரியாததற்கு அதில் அடையாளமே இல்லை. அதனை இட வேண்டியவர் படிப்பவரே.